வேலைக்குப் போய்க்கொண்டே பட்டம் படிப்பவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே விடயத்தைச் சுற்றியவை. கொக்குவிலில் உள்ள திறந்த பல்கலைக்கழகப் பிராந்திய நிலையத்திலோ, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்திலோ பதிந்துவிட்டு, பகலில் வேலையும் இரவில் புத்தகமுமாக இருப்பவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

வங்கியில் வேலை செய்கிறேன். வயது 31. திறந்த பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். இந்த வருடம் 24 கிரெடிட் எடுத்திருக்கிறேன். பதிந்தபோது இருந்த ஆசை இப்போது இல்லை. புத்தகத்தைக் கண்டாலே வெறுப்பு வருகிறது. கிழமை நாட்களில் ஒன்றரை மணித்தியாலம், சனிக்கிழமை மூன்று, ஞாயிறு நான்கு மணித்தியாலம் படிக்கலாம். ஆனால் ஒப்படைத் திகதி நெருங்கினால்தான் கை போகிறது. இது சோம்பலா?
– வாசகி, சுன்னாகம்

உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. முதலில் கணக்கைப் பார்ப்போம். இலங்கைத் தகைமைக் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்பது ஏறத்தாழ 50 மணித்தியாலக் கற்றல். வகுப்பு, வாசிப்பு, ஒப்படை, பரீட்சைக்கான ஆயத்தம் எல்லாம் அதற்குள் அடக்கம். அப்படியென்றால் 24 கிரெடிட்டுக்கு 1200 மணித்தியாலம் வேண்டும். வருடத்தில் 50 கிழமை படிப்பதாக வைத்தாலும், கிழமைக்கு 24 மணித்தியாலம். உங்களிடம் இருப்பது ஏழரையும் மூன்றும் நான்கும், மொத்தம் 14½. நீங்கள் ஒரு நாளும் தவறாமல் படித்தாலும் கிழமைக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்தங்குகிறீர்கள். பத்தாவது கிழமையில் அது 95 மணித்தியாலம். வட்டிக்கடன் மாதிரி, கட்டக் கட்ட முதல் குறையாவிட்டால் கடன்காரனைக் காணவே மனம் வராது. புத்தகத்தின் மேல் வருகிற வெறுப்பும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். இதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்து உங்களையே திட்டிக்கொண்டால் 95 மணித்தியாலத்தில் ஒரு மணியும் குறையாது.

நினைவில் வைக்க ஒரு சுருக்கக் கணக்கு: கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் உண்மையாகவே படிக்க முடியுமோ, வருடத்துக்கு ஏறத்தாழ அத்தனை கிரெடிட். உங்களுக்கு 14 அல்லது 15. மூன்று வருடப் பொதுப் பட்டத்துக்கு 90 கிரெடிட். வருடம் 15 என்றால் ஆறு வருடம். நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 120 கிரெடிட், எட்டு வருடம். கேட்க நீளமாகத்தான் இருக்கும். ஆனால் 24 எடுத்துப் பாதியைக் கோட்டைவிட்டு மீண்டும் காசு கட்டிப் படித்தாலும் வருடக் கணக்கு அதேயளவுதான் வரும், மனம் நொந்ததுதான் மிச்சம். எடுக்கும் பாடங்களின் எண்ணிக்கையை வருடத்துக்கு வருடம் குறைக்கவும் கூட்டவும் இடமிருப்பது திறந்த பல்கலைக்கழகத்தின் பெரிய வசதி. அதைப் பலர் பயன்படுத்துவதில்லை. கற்கைநெறியை முடிக்க வேண்டிய அதிகபட்சக் காலத்தை மட்டும் கைந்நூலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வருடத்துக்கு என்ன செய்வது? பாடத்தை விலக்கிக்கொள்ளும் இறுதித் திகதி கடக்கவில்லையென்றால் இரண்டு பாடங்களை விலக்குங்கள். கடந்துவிட்டதென்றால் எல்லாப் பாடங்களையும் ஒரு தாளில் எழுதி, இரண்டு கேள்வி கேளுங்கள். அடுத்த வருடப் பாடத்துக்கு முன்தேவையாக இருப்பது எது? ஒப்படைகளுக்கும் தொடர் மதிப்பீட்டுப் பரீட்சைகளுக்கும் கிடைத்த புள்ளியில், இறுதிப் பரீட்சை எழுதும் தகுதிக்குக் கிட்டவாக நிற்பது எது? அந்தப் பாடங்களுக்கு முழு நேரத்தையும் கொடுங்கள். மற்றவை இந்த வருடம் போகட்டும்.

இன்னொன்று: திரும்பத் தொடங்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள். இந்தக் கிழமை வகுப்பில் எந்த அலகு நடக்கிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். பழைய பாக்கிக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணித்தியாலம் போதும், அதற்கு மேல் வேண்டாம். பாக்கியை முழுக்க முடித்துவிட்டுத்தான் புதியதைத் தொடுவேன் என்று இருப்பவர்களுக்கு, பாக்கி முடிவதற்குள் புதியதும் பாக்கியாகிவிடும்.

சாவகச்சேரியில் மருந்துக்கடையில் வேலை. கிழமைக்கு ஆறு நாள். பூட்டி வீட்டுக்கு வர எட்டு மணியாகும். சாப்பிட்டுவிட்டுப் புத்தகத்தோடு இருந்தால் பத்து நிமிடத்தில் நித்திரை. ஊக்கப் பேச்சு வீடியோக்கள் பார்க்கிறேன், ஒரு நாள் இரண்டு நாள்தான் நிற்கிறது.
– தம்பி, மட்டுவில்

அந்த வீடியோக்களை விட்டுவிடுங்கள். அரை மணித்தியாலம் பார்க்கிற நேரத்தில் மூன்று பக்கம் படிக்கலாம். பார்த்து முடிந்ததும் ஏதோ செய்துவிட்டது போன்ற திருப்தி வருமே, அதுவே படிப்புக்குத் தடை.

நாள் முழுக்க நின்று வேலை செய்தவர் இரவு எட்டரைக்குப் புதிய பாடத்தைப் படிக்க நினைத்தால் உடம்பு ஒத்துழைக்காது. நேரத்தை மாற்றுங்கள். இரவு ஒன்பதே முக்காலுக்குப் படுத்து, விடிய நாலே முக்காலுக்கு எழும்பினால் ஏழு மணித்தியால நித்திரை கிடைக்கும். ஐந்து மணியிலிருந்து ஆறேகால் வரை உங்களுடைய நேரம். இரவில் செய்ய வேண்டியது இருபது நிமிட ஆயத்தம் மட்டும். நாளை படிக்கும் பக்கத்தைத் திறந்து மேசையில் வையுங்கள். கொப்பியில் அந்தப் பகுதிக்குரிய ஒரு கேள்வியை எழுதிவையுங்கள். போனை வேறு அறையில் சார்ஜ் போடுங்கள். விடிய எழும்பியதும் 'எதைப் படிப்பது' என்று யோசிக்கத் தொடங்கினால் கால் மணித்தியாலம் அதிலேயே போய்விடும். பலர் அந்தக் கால் மணித்தியாலத்தில்தான் திரும்பப் படுக்கிறார்கள். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு பால்தேத்தண்ணியும் கோப்பியும் வேண்டாம். உள்ளே போன கஃபீனில் பாதி இறங்கவே ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் ஆகும். படுத்தாலும் நல்ல நித்திரை வராது.

அந்த எழுபத்தைந்து நிமிடத்தைச் செலவிடும் முறையும் முக்கியம். ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்துக் கோடு போடுவது எல்லோருக்கும் பழகிய வழி. பலன் குறைந்த வழியும் அதுதான். 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியை இரண்டு முறை வாசித்தவர்கள் ஒரு கிழமைக்குப் பிறகு 42 வீதத்தை நினைவு கூர்ந்தார்கள். ஒரு முறை வாசித்துவிட்டு, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 56 வீதத்தை நினைவு கூர்ந்தார்கள். ஐந்து நிமிடத்துக்குப் பிறகு கேட்டபோது மட்டும் இரண்டு முறை வாசித்தவர்கள் முன்னுக்கு நின்றார்கள். வாசித்து முடிந்த உடனே 'எல்லாம் தெரியும்' என்று தோன்றுவதை ஏன் நம்பக்கூடாது என்பது இதில் விளங்கும்.

ஆகவே இருபது நிமிடம் வாசியுங்கள். புத்தகத்தை மூடி ஏழு எட்டு நிமிடம் நினைவில் உள்ளதை எழுதுங்கள். திறந்து, விட்டதைச் சிவப்புப் பேனையால் சேருங்கள். இதை இரண்டு முறை செய்தால் நேரம் முடிந்துவிடும். சிவப்பில் எழுதியதை மட்டும் இரண்டு நாள் கழித்தும், ஒரு கிழமை கழித்தும், மூன்று கிழமை கழித்தும் கடையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உங்களையே கேட்டுப் பாருங்கள்.

ஒரு நாள் எழும்ப முடியாமல் போகும். காய்ச்சல் வரும், கடையில் கணக்கெடுப்பு வரும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியான ஆய்வில், ஒரு பழக்கம் படிய எடுத்த காலம் 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆளுக்கு ஆள் மாறியது. நடுமதிப்பு 66 நாள். இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைப் பெரிதாகக் குழப்பவில்லை என்பதும் அதில் தெரிந்தது. தவறிய நாளுக்காக அடுத்த நாள் இரட்டிப்பாகப் படிக்கப் போகாதீர்கள். அதே ஐந்து மணி, அதே எழுபத்தைந்து நிமிடம்.

ஏ.எல். வரை தமிழ் மொழியில் படித்தவன். இப்போது பாடநூல் எல்லாம் ஆங்கிலம். ஒரு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம் ஆகிறது. போன் செயலியில் மொழிபெயர்த்துப் படிக்கலாமா?
– வாசகர், கரவெட்டி

சொல்லுக்குப் பயன்படுத்துங்கள், பந்திக்கு வேண்டாம். செயலி தருகிற தமிழ் பாடத்தின் கலைச்சொற்களைக் குழப்பிவிடும். பரீட்சையில் எழுத வேண்டியதும் ஆங்கிலத்தில்தான்.

ஒரு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம் ஆவதற்கு முக்கிய காரணம், தெரியாத ஒவ்வொரு சொல்லிலும் நின்றுவிடுவது. இப்படிச் செய்து பாருங்கள். அலகின் கடைசியில் உள்ள வினாக்களை முதலில் வாசியுங்கள். எதைத் தேடிப் படிக்கிறோம் என்பது தெரிந்துவிடும். பிறகு அகராதியைத் தொடாமல் முழுப் பகுதியையும் ஒரே மூச்சில் வாசித்து, ஒவ்வொரு பந்தியின் ஓரத்திலும் அது சொல்வதைத் தமிழில் ஒரு வரியாகப் பென்சிலால் எழுதுங்கள். விளங்காத பந்திக்குக் கேள்விக்குறி போடுங்கள். மூன்றாவது சுற்றில் கேள்விக்குறி விழுந்த பந்திகளுக்கு மட்டும் அகராதி. கொப்பியில் ஏற்றும் சொற்கள் ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகவேண்டாம், அதுவும் மூன்று இடத்துக்கு மேல் வந்த சொற்கள் மட்டும். ஒரு பாடத்தின் முதல் இரண்டு அலகு இப்படிக் கடினமாக இருக்கும். அதே சொற்கள் திரும்பத் திரும்ப வருவதால் மூன்றாவது அலகிலிருந்து வேகம் கூடும். அங்கே போகுமுன் கைவிடுபவர்கள்தான் அதிகம், அதனால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

விளங்குவது ஒரு திறமை, எழுதுவது இன்னொன்று. முதல் கிழமையிலிருந்தே கிழமைக்கு ஒரு விடை, 150 சொல், ஆங்கிலத்தில், கையால் எழுதுங்கள். வினாவின் ஏவல் சொல்லைக் கவனியுங்கள். 'டிஃபைன்' என்றால் வரைவிலக்கணம் போதும். 'எக்ஸ்பிளெயின்' என்றால் காரணம் வேண்டும். 'டிஸ்கஸ்' என்றால் இரு பக்கமும் எழுதி, உங்கள் முடிவையும் சொல்ல வேண்டும். டிஸ்கஸ் வினாவுக்கு வரைவிலக்கணங்களை அடுக்கிவிட்டு வந்து 'நல்லாத்தான் எழுதினேன், புள்ளி வரவில்லை' என்று கவலைப்படுவது தமிழ் மொழியில் படித்து வந்தவர்களிடம் அடிக்கடி நடப்பது.

ஒப்படையைச் செயற்கை நுண்ணறிவிடம் எழுதிக் கொடுக்கச் சொல்லும் பழக்கம் பரவியிருக்கிறது. பிடிபட்டால் தண்டனை. பிடிபடாவிட்டால், நீங்களாக எழுதும் முதல் ஆங்கில விடை பரீட்சை மண்டபத்தில் எழுதுவதாகத்தான் இருக்கும்.

நெடுந்தீவில் கற்பிக்கிறேன். கிழமை நாட்களில் தீவிலேயே தங்குகிறேன். சிக்னல் ஒழுங்கில்லை. காற்றுக் காலத்தில் படகு ஓடாமல் ஒப்படை பிந்திவிட்டது. அதோடு மனமும் விட்டுப்போய்விட்டது.
– ஆசிரியை

உங்களுக்கு ஒவ்வொரு ஒப்படைக்கும் இரண்டு திகதி இருக்க வேண்டும். ஒன்று பல்கலைக்கழகம் தந்தது. மற்றது அதற்கு முந்திய கிழமையின் ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் நம்ப வேண்டிய திகதி அதுதான். சோளகம் வீசும் மாதங்களிலும், கார்த்திகை மார்கழி மழைக்காலத்திலும் இரண்டு கிழமை முந்துங்கள். வருடத் தொடக்கத்தில் கல்வி நாட்காட்டி கைக்கு வந்ததும் எல்லா ஒப்படைத் திகதிகளையும் எழுதி, இந்த இரண்டு பருவங்களில் விழுபவற்றை வட்டம் போட்டு வைத்தால் வருடத்தின் பாதிக் கவலை அன்றே தீரும்.

யாழ்ப்பாணத்துக்கு வரும் சனி ஞாயிறில், வரும் கிழமைக்கான பாடங்களைப் போனில் இறக்கி, இணையம் இல்லாமலே திறக்கிறதா என்று குறிகாட்டுவான் துறைக்குப் போகுமுன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒப்படையைப் படமெடுத்து அனுப்புவதென்றால் ஒரே பி.டி.எவ். ஆக்கி அளவைச் சிறிதாக்குங்கள். பெரிய கோப்பு பலவீனமான சிக்னலில் பாதியில் நின்றுவிடும். ஏற்றியதும் வரும் உறுதிச் செய்தியைப் படமெடுத்து வையுங்கள். படகு நின்றதால் பிந்தினால், அன்றே இணைப்பாளருக்கு எழுத்தில் அறிவியுங்கள். இரண்டு கிழமை கழித்துச் சொல்லும் காரணத்துக்கு மதிப்புக் குறைவு.

படகில் புத்தகம் விரித்தால் பலருக்குத் தலைசுற்றும். உங்கள் குரலிலேயே கேள்வியும் பதிலுமாகப் பதிவு செய்து கேட்டுக்கொண்டு போங்கள். இடையில் பத்து விநாடி இடைவெளி விட்டுப் பதிவு செய்தால் பதில் வருமுன் நீங்களே சொல்லிப் பார்க்கலாம்.

இரண்டு பிள்ளைகள், கந்தோர் வேலை, பட்டப்படிப்பு. 'இனி என்னத்துக்குப் படிப்பு' என்று மாமி கேட்கிறா. கலியாண வீடு, சாமத்திய வீடு, அந்தியேட்டி என்று எதற்கும் போகாமல் இருக்கவும் முடியாது. படிக்க இருந்தால் குற்றவுணர்ச்சி, படிக்காவிட்டாலும் குற்றவுணர்ச்சி.
– வாசகி, கோப்பாய்

'நேரம் கிடைக்கும்போது படிப்பேன்' என்று இருப்பவர்களுக்குத்தான் இந்த இரட்டைக் குற்றவுணர்ச்சி வரும். எந்த நேரமும் படிக்க வேண்டிய நேரம் போலவும், எந்த நேரமும் வீட்டுக்குரிய நேரம் போலவும் தோன்றும். படிப்புக்கு எல்லை கட்டுங்கள். உதாரணமாகச் செவ்வாய், வியாழன் இரவு ஏழரையிலிருந்து ஒன்பது வரை, ஞாயிறு விடிய ஐந்திலிருந்து எட்டு வரை. ஆறு மணித்தியாலம், வருடத்துக்கு ஆறு கிரெடிட், அதாவது மூன்று கிரெடிட் பாடம் இரண்டு. இந்த நேரத்தில் வீடு உங்களைத் தேடக்கூடாது, மற்ற நேரத்தில் புத்தகம் உங்களைத் தேடக்கூடாது. பிள்ளைகளும் அதே மேசையில் வீட்டுவேலை செய்யட்டும்; எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் இது பெரும்பாலும் சரிவரும், சிறியவர்களிடம் எதிர்பார்க்காதீர்கள்.

மாமியோடு வாதாட வேண்டாம். கணவர் அவவிடம் சொல்லட்டும், 'செவ்வாயும் வியாழனும் இரவுச் சாப்பாடு நான் பார்க்கிறேன், அவ படிக்கட்டும்' என்று. வீட்டு வேலை யாருடைய தலையில் விழப்போகிறது என்ற கவலைதான் பல வீடுகளில் 'என்னத்துக்குப் படிப்பு' என்ற கேள்வியாக வெளியில் வருகிறது. அதற்குப் பதில் கிடைத்தால் கேள்வியின் வேகம் குறையும்.

கொண்டாட்டங்களுக்கு வருடத் தொடக்கத்திலேயே இடம் விடுங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாள். அந்த நாட்களில் வழமையான அளவு படிக்க முடியாது என்று முதலே தெரியும். அந்த மாதத்துக்குப் பாதி நேரம் என்று எழுதிவைத்தால் அது தவறியதாகக் கணக்கில் வராது. சாவு வீடு, அந்தியேட்டிக்கு நாள் சொல்லி வைக்க முடியாது. அதற்காக ஒவ்வொரு மாதமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் திட்டத்தில் வெறுமையாக விடுங்கள். தேவைப்படாத மாதத்தில் அது பாக்கியைத் தீர்க்க உதவும்.

வட்ஸ்அப் படிப்புக் குழு உதவுமா?
– வாசகர், மானிப்பாய்

எண்பது பேர் குழு திகதிகளை அறிய மட்டும் உதவும். படிப்பதற்கு மூன்று அல்லது நான்கு பேர், ஒரே பாடம், கிழமைக்கு ஒரு முறை நாற்பது நிமிடம். ஒவ்வொருவரும் ஒரு பகுதியைப் பார்க்காமல் விளக்க வேண்டும். தயாராகாமல் வருபவரும் வரட்டும், விரட்டாதீர்கள். வெட்கத்தில் வராமல் விடுபவர்தான் அடுத்ததாகப் பட்டத்தையும் விடுகிறார்.

ஒரு பாடத்தில் பரீட்சைத் தகுதி கிடைக்கவில்லை, இன்னொன்றில் பரீட்சை எழுதித் தவறிவிட்டேன். விட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.
– வாசகர், சங்கானை

இரண்டையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். தகுதி கிடைக்காதது பெரும்பாலும் அறிவுக் குறையால் வருவதில்லை. ஒப்படையோ தொடர் மதிப்பீட்டுப் பரீட்சையோ ஒன்று தவறியிருக்கும். எது தவறியது, ஏன் தவறியது என்று பாருங்கள். திகதி தெரியாமலா, லீவு கிடைக்காமலா? அதற்குரிய திருத்தம் நாட்காட்டியிலும் கந்தோரிலும் இருக்கிறது. பரீட்சையில் தவறியதற்கு வினாத்தாளை எடுத்து வைத்து ஒவ்வொரு வினாவின் பக்கத்திலும் மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: படிக்கவில்லை, படித்தும் நினைவு வரவில்லை, தெரிந்தும் நேரம் போதவில்லை. எந்தக் குறி அதிகமோ அதற்குத்தான் மருந்து. முதலாவதற்குப் பாடச் சுமையைக் குறைக்க வேண்டும். இரண்டாவதற்கு மேலே மட்டுவில் தம்பிக்குச் சொன்ன எழுதிப் பார்க்கும் முறை. மூன்றாவதற்கு மணிக்கூட்டை வைத்துப் பழைய வினாத்தாள் செய்தல். மீளத் தோற்றும்போது பெறக்கூடிய தரத்துக்கு மேல் எல்லை உண்டா என்று கைந்நூலில் பாருங்கள். பல பட்டங்களில் 'சி'தான் எல்லை. அப்படியென்றால் அந்தப் பாடத்துக்குச் சித்தியளவு நேரம் கொடுத்து, மிச்ச நேரத்தைப் புதிய பாடத்தில் நல்ல தரம் எடுக்கச் செலவிடுவதே புத்தி.

விடுவது சரியான சந்தர்ப்பமும் உண்டு. பட்டம் உங்கள் வேலைக்கோ விருப்பத்துக்கோ இனிப் பயன்படாது என்றால், அல்லது வீட்டில் ஒருவர் முழுநேரப் பராமரிப்பில் இருக்கிறார் என்றால், ஒரு வருடம் பதியாமல் இருக்கலாம். அதற்கான விதியை நிலையத்தில் கேட்டு, எழுத்தில் விண்ணப்பியுங்கள். பெறுபேறு வந்த கிழமையில் மட்டும் முடிவெடுக்க வேண்டாம்.

பரீட்சைக்கு மூன்று கிழமை. பாதி படிக்கவில்லை. லீவை எப்படிப் போடுவது?
– வாசகி, நெல்லியடி

அரச உத்தியோகத்தர் என்றால் வருடத்துக்கு 21 நாள் அமய லீவும் 24 நாள் ஓய்வு லீவும் உண்டு. கடை, காரியாலயச் சட்டத்தின் கீழ் தனியாரில் வேலை செய்பவர்களுக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமய லீவும். எது மிச்சம் என்று இன்றே பாருங்கள்.

ஐந்து நாள் இருந்தால் ஐந்தையும் கடைசிக் கிழமையில் குவிக்காதீர்கள். இரண்டு நாளை இந்தக் கிழமையே எடுங்கள். முதல் நாள் காலையில் கிடைக்கிற ஐந்து வருட வினாத்தாள்களை வைத்து, எந்த அலகிலிருந்து எத்தனை முறை கேட்டிருக்கிறார்கள் என்று அட்டவணை போடுங்கள். மூன்று முறைக்கு மேல் வந்த அலகுகளில் நீங்கள் படிக்காதவைதான் இந்த இரண்டு நாளுக்கும் உரியவை. ஒரு முறையும் வராதவற்றை இப்போது தொடவேண்டாம். பத்து நாள் கழித்து ஒரு நாள் லீவு: அன்று மூன்று மணித்தியால வினாத்தாள் ஒன்றை, பரீட்சை தொடங்கும் அதே நேரத்தில், எழும்பாமல் இருந்து எழுதுங்கள். நெடுநாளாகக் கையால் எழுதாதவர்களுக்கு இரண்டாவது மணித்தியாலத்தில் கை நோகும், அது அன்றே தெரிய வேண்டும். மிச்ச இரண்டு நாளும் கடினமான இரண்டு வினாத்தாள்களுக்கு முந்திய நாட்கள். அந்த நாட்களில் புதிய அலகு வேண்டாம். சிவப்புப் பேனைக் குறிப்புகளைப் பார்த்து, அனுமதி அட்டை, அடையாள அட்டை, பேனைகளை எடுத்து வைத்து, ஒன்பதரைக்குப் படுத்துவிடுங்கள்.